பிள்ளைக்குச் சின்னதாகிப் போன துணிகளை என்ன செய்யிறீங்க?

நிலாஅம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு ஒன்றரை வயசு முடிஞ்சிருச்சு. அடுத்த மாசம் மேடவாக்கத்துல இருந்து தாம்பரம் பக்கம் வீடு மாறுறோம். புது வீட்ல பரண் கிடையாது. இங்க பரண்ல இருந்து இறக்கினா கட்டைப்பை கட்டைப்பையா அவளோட பழைய துணிதான். பிறந்தப்போ போட்ட முடிச்சுச் சட்டை, ஜபலா, கட்டுத்துணி, காது மூடுற குல்லா, சாக்ஸ், வர்றவங்க எல்லாம் வாங்கிட்டு வந்த நெட் ஃப்ராக், முதல் பிறந்தநாள் பட்டுப்பாவாடை. பாதி புதுசாவே இருக்கு. சிலதுல விலைச் சீட்டுகூட கிழிக்கல.

மாமியார் "தலைச்சன் பிள்ளை துணி, வெளிய கொடுக்காத, அடுத்ததுக்கு ஆகும்"னு சொல்றாங்க. வீட்டுக்காரர் பாத்திரக்காரர் வந்தா போட்டுட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிக்கலாம்கிறார். எனக்கு ரெண்டுலயும் மனசு ஒப்பல. இன்னொரு குழந்தை எப்போன்னு நாங்க இன்னும் முடிவு பண்ணல. அதுவரைக்கும் இத்தனையும் மூட்டையில கிடந்து மக்கிப் போறதுல அர்த்தம் இருக்கிற மாதிரி தோணல. அதே சமயம் குப்பைக்குப் போயிடக்கூடாதுன்னு பதைப்பா இருக்கு. நீங்கள்லாம் என்ன செஞ்சீங்க? எதை வச்சுக்கணும், எதைக் கொடுக்கணும், யாருக்குக் கொடுக்கணும்?


பேராண்டி_பாட்டி எழுதியது:

உங்க மாமியார் சொல்றதைத் தள்ளிடாதம்மா, அதுல பாதி சரி. எங்க காரைக்குடிப் பக்கம் பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி புதுத்துணி வாங்க மாட்டோம். பிறந்ததும் முதல்ல போடுறது பழைய துணிதான். தாத்தா வேட்டியைக் கிழிச்சுத்தான் கட்டுத்துணி. சட்டைன்னா, சொந்தத்துல நோய் நொடி இல்லாம நல்லா வளர்ந்த பிள்ளை போட்ட சட்டையை வாங்கிட்டு வந்து போடுவோம். அந்தப் பிள்ளை மாதிரி இதுவும் வளரணும்னு ஒரு வேண்டுதல். பிறந்து பிறந்து தங்காத வீட்ல பிச்சைன்னும் குப்புசாமின்னும் பேர் வைப்பாங்க தெரியுமா, அந்த வீடுகள்ல நாலு வீட்ல கேட்டு வாங்கின துணியைத்தான் முதல்ல போடுவாங்க.

இதுல ஒரு காரியமும் இருக்கு. கடையில இருந்து வர்ற புதுத்துணியில கஞ்சியும் விறைப்பும் இருக்கும். பத்து இருபது தடவை துவைச்சு வெயில்ல காஞ்ச துணிதான் பச்சை உடம்புக்கு உறுத்தாது. அதனால உன் பிள்ளை துணி வேற பிள்ளைக்குப் போறது ஒண்ணும் குறைச்சல் இல்லை. காலங்காலமா அப்படித்தான் போயிருக்கு.

தலைச்சன் துணியை வெளிய கொடுக்கக் கூடாதுங்கிறது கண்ணேறு, ஏவல் இதுக்கெல்லாம் பயந்த காலத்துப் பேச்சு. அந்தப் பயத்தோட அவங்களோட போய் மல்லுக்கு நிக்காத. எங்க வீட்ல துணி கொடுக்கும்போது ஓரத்துல ஒரு நூலை உருவி எடுத்து வச்சுக்குவோம். மஞ்சத்தண்ணியில ஒரு அலசு அலசி, காயவச்சுக் கொடுப்போம். உன் மாமியார்கிட்ட "நீங்களே நூல் எடுத்துக் கொடுங்க அத்தை"ன்னு சொல்லிப் பாரு. அவங்க கையாலயே கொடுக்க வச்சிடு. தொட்டில் கட்டின சேலையையும் முதல்ல போட்ட சட்டையையும் மட்டும் எடுத்து வை. தொட்டில் சேலை அடுத்த பிள்ளைக்கும் ஆகும், உன் பொண்ணு பெத்த பிள்ளைக்கும் ஆகும்.


செங்குன்றத்தான் எழுதியது:

நான் இருக்கிறது செங்குன்றம் பக்கம். இங்க சுத்தி நிறைய செங்கல் சூளை. மழை முடிஞ்சதும் ஒடிசாவில இருந்து குடும்பம் குடும்பமா வருவாங்க, வெயில் காலம் முடியிற வரைக்கும் வேலை. சின்னச் சின்னக் குழந்தைங்க மண்ணுலயே கிடக்கும். மார்கழிப் பனி சூளை மேட்டுல எப்படி இறங்கும்னு பாத்தாத்தான் தெரியும்.

நானும் எங்க தெருவுல நாலைஞ்சு வீடும் வருஷா வருஷம் துணி சேர்த்துக் கொண்டு போறோம். நேரா உள்ள போய் நீட்ட மாட்டோம். மேஸ்திரிகிட்ட முதல்ல பேசுவோம், எத்தனை குழந்தை, என்ன வயசுன்னு கேட்டுக்குவோம். அவங்க கேக்கிறது முழுக்கை பனியன் சட்டை, முழுக்கால் பேன்ட், குல்லா, ஸ்வெட்டர். கொசுவுக்கும் பனிக்கும் அதுதான் வேணும். நெட் ஃப்ராக்கைக் கொடுத்தா மண்ணுல ஒரே நாள்ல கிழியும், குத்தும். அதை அங்க கொண்டு போறதுல பிரயோஜனம் இல்லை.

நிலாஅம்மா, நீங்க வீடு மாறுற அவசரத்துல இருக்கீங்க. உங்க பக்கத்துல கட்டடம் கட்டுற இடம் இல்லாம இருக்காது. வாட்ச்மேனைக் கேளுங்க. அவருக்கே கைக்குழந்தை இருக்கலாம்.


வேதாரண்யம்காரி எழுதியது:

கொடுக்கிறதப் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்குங்க.

2004 சுனாமி அப்போ நாகப்பட்டினத்துல ரோட்டு ஓரமெல்லாம் துணி மலை மலையா கிடந்துச்சு. ஊர் உலகமெல்லாம் இருந்து லாரி லாரியா அனுப்பினது. நல்ல மனசோடதான் அனுப்பினாங்க. ஆனா கடல்ல நாலு பேரைப் பறிகொடுத்துட்டு நிக்கிற சனத்துக்கு முன்னால, கிழிஞ்சதும் அழுக்குமா மூட்டையை அவிழ்த்துக் கொட்டினா யாருக்கு எடுக்க மனசு வரும்? எங்க மீனவ சனம் அன்னைக்கு முதல் நாள் வரைக்கும் உழைச்சுச் சம்பாதிச்சுத் தின்னவங்க. கை நீட்டி நின்னு பழக்கமில்லை. அந்தத் துணியெல்லாம் மழையில நனைஞ்சு, ஆடு மாடு மிதிச்சு, அள்ளிப் போடவே தனி வேலை ஆச்சு. நல்ல துணியும் அந்தக் குப்பையோட குப்பையாப் போச்சு.

அப்புறம் 2018 நவம்பர்ல கஜா புயல். எங்க கூரை போச்சு, தென்னை எல்லாம் வேரோட சாஞ்சது. பள்ளிக்கூடத்துல தங்க வச்சாங்க. அப்பவும் பழைய துணி மூட்டை வந்துச்சு. பெரியவங்க சட்டை, சேலை வந்துச்சு, ஜீன்ஸ்கூட வந்துச்சு. ஆனா அந்த ஈரத்துல கைப்பிள்ளை வச்சிருந்தவங்க தேடினது காஞ்ச கட்டுத்துணியும் சின்னச் சட்டையும்தான். அது மூட்டையில எங்கயோ அடியில கிடக்கும், கிளறித்தான் எடுக்கணும். ஒரு புண்ணியவான் தனியா ஒரு பையில 'பிறந்த குழந்தை முதல் ஆறு மாதம்'னு பெரிய எழுத்துல எழுதி, துவைச்சு மடிச்சு அனுப்பியிருந்தார். யாருன்னே தெரியாது. அந்தப் பை வந்த அன்னைக்கே எல்லாம் பிள்ளைங்க உடம்புல இருந்துச்சு.

அதனால என் வேண்டுகோள் இதுதான். வாங்கப்போறது யாருன்னு தெரியாம மூட்டை கட்டி அனுப்பாதீங்க. கேட்டுட்டுக் கொடுங்க. பிரிச்சு, அளவு எழுதிக் கொடுங்க. உங்க அக்கா பிள்ளைக்குக் கொடுக்கக் கூசுற துணியை வேற யாருக்கும் கொடுக்காதீங்க.


நிலாஅம்மா எழுதியது:

வேதாரண்யம் அக்கா, படிச்சதும் பையை எல்லாம் கட்டில்ல கொட்டிப் பிரிக்க ஆரம்பிச்சுட்டேன். நன்றி.

பாட்டி, நூல் எடுக்கிற விஷயத்தை அத்தைகிட்ட சொன்னேன். "எங்கம்மாவும் அப்படித்தான் செய்வாங்க"ன்னாங்க. முகத்துல கொஞ்சம் இளக்கம் தெரியுது.

ஒரு சந்தேகம். வச்சுக்கிற துணியை எப்படி எடுத்து வைக்கிறது? அத்தை அந்துருண்டை போட்டுத்தான் வச்சிருக்காங்க. அந்த வாடை பைக்குள்ள அப்படியே இருக்கு.


வார்டுநர்ஸ் எழுதியது:

நிலாஅம்மா, இதை மட்டும் தயவு செஞ்சு கவனமாப் படிங்க. இந்தப் பேச்சைப் படிக்கிற எல்லாரும் படிங்க.

அந்துருண்டை, பாச்சை உருண்டைன்னு சொல்றது நாப்தலீன். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடின்னு ஒரு என்சைம் குறைவா இருக்கும். ஆண் குழந்தைகள்ல இது அதிகம். பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தக் குழந்தைக்கு நாப்தலீன் வாடை ஏறின துணியையோ போர்வையையோ போட்டா, மூச்சு வழியாவும் தோல் வழியாவும் உள்ள போய் ரத்தத்துல சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். மஞ்சள் காமாலை வேகமா ஏறும். பிறந்த சில நாள் குழந்தைக்கு அது எல்லை மீறினா மூளையையே பாதிக்கும். நாப்தலீன் எண்ணெயில கரையிற பொருள். நம்ம வழக்கப்படி எண்ணெய் தேய்ச்ச உடம்புல இன்னும் சுலபமா இறங்கும்.

நம்ம வீடுகள்ல நடக்கிறதை யோசிச்சுப் பாருங்க. மூத்த பிள்ளை துணி அந்துருண்டையோட ரெண்டு மூணு வருஷம் பீரோவுல இருக்கும். அடுத்த பிள்ளை பிறந்ததும் அவசரத்துல எடுத்து உதறி அப்படியே போடுவாங்க. காமாலைன்னு குழந்தையைத் தூக்கிட்டு வந்தா, நாங்க கேக்கிற கேள்விகள்ல அந்துருண்டையும் ஒண்ணு.

உங்க பையில இருக்கிற துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடவும் வேண்டாம், பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம். நல்லாத் துவைச்சு, வெளியில காத்தாடப் பல நாள் காயவச்சு, வாடை துளிகூட இல்லைன்னு ஆன பிறகு ஒரு வயசு தாண்டின பிள்ளைங்க அளவுத் துணியை மட்டும் கொடுங்க. மத்தது துடைக்கிற துணிக்குப் போகட்டும்.

இனிமே எடுத்து வைக்கிறதுன்னா: துவைச்சு, கஞ்சி போடாம, வெயில்ல மொறமொறன்னு காயவச்சு, சூடு ஆறினதும் மடிச்சு, பழைய காடாத்துணிப் பையில போட்டுக் கட்டுங்க. காய்ஞ்ச வேப்பிலை, நொச்சி இலை, வசம்புத் துண்டு இதுல ஏதாவது ஒண்ணைத் தனியா ஒரு சின்னத் துணியில முடிஞ்சு போடுங்க. துணி திரும்ப எடுக்கும்போது முடிச்சைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி துவைச்சுத்தான் போடணும். பால் கக்கின கறை துவைச்சதும் போன மாதிரித்தான் இருக்கும், ஆனா நாலஞ்சு மாசத்துல மஞ்சளாத் தெரிய வரும். அதனால எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணியில சோப்பு போட்டு ஊற வையுங்க. கறை இருந்தா வெயில்தான் மருந்து, ஈரத்தோட வெயில்ல போட்டா வெள்ளைத்துணியில நல்லாவே மங்கும்.


திருப்பூர்_பனியன் எழுதியது:

நர்ஸ் அக்கா சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை. நான் பேபி கார்மென்ட்ஸ்ல செக்கிங்ல இருக்கேன். துணி நல்லா இருந்தாலும் முதல்ல போறது எலாஸ்டிக்தான். ரெண்டு மூணு வருஷம் மடிச்சே கிடந்தா உள்ள இருக்கிற ரப்பர் செத்துப் போயிடும். வெளிய பாத்தா தெரியாது. இழுத்துப் பாத்தா 'நறநற'ன்னு சத்தம் வரும், திரும்பச் சுருங்காது. அடுத்த குழந்தைக்குன்னு எடுத்து வைக்கிறவங்க எலாஸ்டிக் பேன்ட்டை வைக்கிறதுல லாபமில்லை. இப்பவே கொடுத்திடுங்க. நாடா கட்டுற ஜபலாவும் முடிச்சுச் சட்டையும் எத்தனை வருஷம் ஆனாலும் நிக்கும்.

இன்னொண்ணு, டிக் பட்டன். யாருக்குக் கொடுத்தாலும் ஒவ்வொரு பட்டனையும் பிடிச்சு இழுத்துப் பாருங்க. ஆட்டம் இருந்தா பிடுங்கிட்டு நாடா தைச்சுக் கொடுங்க. ஆறு மாசக் குழந்தை எதை எடுத்தாலும் வாய்க்குத்தான் கொண்டு போகும். கழுத்துல நாடா தொங்குற தொப்பிச் சட்டை இருந்தா அந்த நாடாவை உருவிடுங்க.

எதுக்கும் ஆகாத துணி என்ன ஆகும்னு கேட்டா: எங்க ஊர்ல பனியன் கட்டிங் வேஸ்ட்டை யாரும் தூக்கிப் போடுறதில்லை. கலர் கலராப் பிரிச்சு, மெஷின்ல கிழிச்சுப் பஞ்சாக்கி, ஓ.இ.ங்கிற நூல் மில்லுல மறுபடியும் நூலாக்கிடுவாங்க. அந்த நூல் கொஞ்சம் தடிமனா இருக்கும், பெட்ஷீட், கால்மிதி, வேலைக்குப் போடுற கையுறை, மாப்பு இதெல்லாம் அதுல வருது. ஆனா அது புதுத் துண்டுத் துணி. வீட்ல இருந்து வர்ற பழைய சட்டை அப்படி இல்லை. அதுல பிரிண்ட், ஜிப், பட்டன், லைக்ரா, பாலியெஸ்டர் எல்லாம் கலந்து கிடக்கும். அதைப் பிரிச்சு எடுக்கிற வேலை பெரிசு. பழைய உடுப்பை மொத்தமா வாங்கி மறுசுழற்சி பண்றதுல பெரிய ஊர் ஹரியானாவில இருக்கிற பானிபட். நம்ம மூணு பை அங்க போய்ச் சேருமான்னா, தனி ஆளா சேர்க்க முடியாது.

அதனால சுத்தப் பருத்தியை வீட்டுக்குள்ளயே தீர்த்திடுங்க. பனியன் துணி மாதிரி தண்ணி இழுக்கிற துணி வேற இல்லை. கரித்துணி, மேடை துடைக்க, வண்டி துடைக்க எல்லாத்துக்கும் ஆகும். பக்கத்து மெக்கானிக் கடையில கொண்டு போய்க் கொடுங்க, அவர் வேஸ்ட் துணியைக் கிலோ கணக்குல காசு கொடுத்துத்தான் வாங்குறார். நெட், பாலியெஸ்டர் மட்டும் இதுக்கு ஆகாது, சூடான பாத்திரம் பிடிச்சா உருகி ஒட்டிக்கும். அதை எரிக்கவும் எரிக்காதீங்க.


பால்வாடி_டீச்சர் எழுதியது:

நான் விழுப்புரம் மாவட்டத்துல அங்கன்வாடிப் பணியாளர். எங்க ஊர்ல எந்த வீட்ல எத்தனாம் மாசம், எந்த வீட்ல கைக்குழந்தைன்னு எங்க பதிவேட்டுல இருக்கும். சத்துமாவு வாங்க வர்றவங்க, எடை போட வர்றவங்க எல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச முகம். யாருக்கு உண்மையிலேயே துணி வேணும்னு எங்களுக்கும் கிராம சுகாதார நர்ஸுக்கும் நல்லாத் தெரியும். உங்க வார்டுலயும் ஒரு மையம் இருக்கும். போய்க் கேளுங்க.

அரசு ஆஸ்பத்திரியில பிறந்தா 2015-ல இருந்து குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்னு ஒண்ணு கொடுக்க ஆரம்பிச்சாங்க. துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, சோப்பு எல்லாம் உள்ள இருக்கும். அதனால பிறந்த உடனே போடுற துணிக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடு எப்போ வருதுன்னா ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும். பிறந்தப்போ மூணு கிலோ இருந்த பிள்ளை அஞ்சு ஆறு மாசத்துல ஆறு கிலோ ஆகும், ஒரு வயசுல ஒன்பது கிலோ ஆகும். ஒரே வருஷத்துல மூணு அளவு மாத்தணும். தவழ்ற வயசுல முட்டி தேயும். அப்போ துணி வாங்க அவங்ககிட்ட காசு இருக்காது, பெட்டகமும் தீர்ந்திருக்கும். கொடுக்கிறவங்க எல்லாம் குட்டிச் சட்டையாவே கொடுப்பாங்க, ஏன்னா அதுதான் ரெண்டு மாசம்கூடப் போடாம புதுசா இருக்கும்.

அளவு எழுதும்போது மாசத்தை எழுதாதீங்க, கிலோவை எழுதுங்க. ஒரு கம்பெனிக்கு '6-9 மாசம்'கிறது இன்னொரு கம்பெனிக்கு ஒரு வயசு. எங்க பிள்ளைங்கள்ல பல பேர் வயசுக்கு ஏத்த எடை இருக்க மாட்டாங்க. ஒரு வயசுப் பிள்ளைக்கு ஆறு மாசச் சட்டை சரியா இருக்கும். '7 முதல் 9 கிலோ'ன்னு எழுதியிருந்தா, போன வாரம் எடை போட்டது நினைவு இருக்கிறதால நான் கண்ணை மூடிட்டு எடுத்துக் கொடுத்திடுவேன்.

கடைசியா, நாலு பேர் முன்னாடி கொடுக்காதீங்க. போட்டோ எடுக்காதீங்க. நான் சத்துமாவுப் பாக்கெட் கொடுக்கும்போதே பையோட சேர்த்துக் கொடுத்திடுவேன். அந்தம்மா தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவாங்க.


பாதிவிலை எழுதியது:

விக்கிறதைப் பத்தி யாரும் பேசலை. எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல நான் துணி வித்திருக்கேன், வாங்கியும் இருக்கேன். தனித்தனி சட்டையா போட்டா யாரும் சீந்த மாட்டாங்க. ஒரே அளவுல பத்துப் பன்னிரண்டு துணியை ஒரு செட்டாப் போட்டா அன்னைக்கே போகும். விலைச் சீட்டு கிழிக்காதது, பட்டுப்பாவாடை, விசேஷத்துக்கு ஒரே ஒரு தடவை போட்ட கவுன் இதுக்கெல்லாம் நல்ல கிராக்கி. தினசரி போட்ட துணிக்கு விலை எதிர்பார்க்காதீங்க.


செங்குன்றத்தான் எழுதியது:

குழந்தை துணியைக் காசுக்கு விக்கிறது எனக்குச் சரியாப் படலைங்க. இல்லாதவங்களுக்குப் போகட்டுமே.


பாதிவிலை எழுதியது:

அண்ணே, நீங்க சொல்றது புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. சும்மா கொடுத்தா வாங்கக் கூசுறவங்க நிறைய பேர் இருக்காங்க. மாசச் சம்பளத்துல வாடகை, பால், டயப்பர்னு இழுத்துப் பிடிச்சு ஓட்டுற குடும்பம். இருநூறு ரூபா கொடுத்து ஒரு செட் வாங்கினா அது அவங்க காசுல வாங்கினது, யார்கிட்டயும் கடன்பட்ட நினைப்பு இல்லை. நான் வாங்கினப்போ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நெட் ஃப்ராக் சூளைக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அது பிறந்தநாளுக்குத் தேடுற வீட்டுக்குப் போகட்டும்.


செங்குன்றத்தான் எழுதியது:

இந்தக் கோணத்துல நான் பாக்கல. சரிதான்.


ஒத்தப்புள்ள எழுதியது:

ரெண்டு நாளா படிச்சுட்டே இருந்தேன். எழுதலாமா வேண்டாமான்னு இருந்துச்சு.

எங்க வீட்லயும் "அடுத்ததுக்கு ஆகும்"னு சொல்லித்தான் எல்லாத்தையும் பீரோ மேல் தட்டுல வச்சாங்க. ரெண்டாவது அஞ்சாம் மாசத்துல தங்கலை. அதுக்கப்புறம் டாக்டர் இன்னொரு முறை வேண்டாம்னு சொல்லிட்டார். பீரோ திறக்கிறப்போ எல்லாம் அந்தப் பை கண்ணுல படும். யாரும் எடுக்கச் சொல்லவும் மாட்டாங்க, வைக்கச் சொல்லவும் மாட்டாங்க. எடுத்தா எதையோ முடிவு பண்ணின மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம். எனக்கும்தான்.

என் நாத்தனார் முழுகாம இருந்தப்போ அவளே வந்து கேட்டா. "அண்ணி, நம்ம தம்பி போட்ட சட்டையை எம் பிள்ளைக்குக் கொடுப்பியா, உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்"னா. அவ கேட்டதுதான் எனக்குப் பெருசு. நானே உக்காந்து துவைச்சுக் கொடுத்தேன். இப்போ அவ பையன் அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுட்டு வந்தா எனக்கு வலிக்கிறது இல்லை, சந்தோஷமா இருக்கு.

இதை ஏன் சொல்றேன்னா, இன்னொரு பிள்ளை பெத்துக்கிறதா இல்லையான்னு முடிவாகாத ஒரு பொண்ணுகிட்ட "அடுத்ததுக்கு ஆகும்"னு மூட்டை கட்டி வைக்கிறது சும்மா துணி வைக்கிறது மட்டும் இல்லை. நிலாஅம்மா, உங்களுக்கு வச்சுக்கத் தோணினா வச்சுக்கங்க. தோணலைன்னா, மத்தவங்க சொல்றாங்கன்னு வைக்காதீங்க.


பேராண்டி_பாட்டி எழுதியது:

கண்ணு, நீ எழுதினது நல்லதாப் போச்சு. உன் நாத்தனார் கேட்ட மாதிரி கேக்கத் தெரியணும். எங்க காலத்துல நாங்க இதையெல்லாம் யோசிக்காமலேயே "அடுத்தது எப்போ, அடுத்தது எப்போ"ன்னு கேட்டுட்டே இருந்திருக்கோம். உன் பையன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.


ஸ்காபரோ_அம்மா எழுதியது:

நான் கனடாவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இஞ்ச பிள்ளையின்ர உடுப்பு ஒவ்வொரு குளிருக்கும் மாத்த வேணும். போன வருசத்து ஸ்னோசூட் இந்த வருசம் காலுக்கு எட்டாது, விலையும் கூட. அதால எங்கட கட்டடத்தில இருக்கிற தமிழ்ச் சனம் எல்லாம் புரட்டாதி மாதத்துக்குள்ளயே ஆளுக்காள் மாத்திக் கொள்ளுவம். அது நல்லா நடக்குது. மிச்சத்தைப் பழைய உடுப்புக் கடைக்குக் குடுப்பம்.

ஊருக்குப் பெட்டி போட்டு அனுப்புற ஆக்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். கப்பல்ல போய்ச் சேர மாதக் கணக்கில செல்லும். அதுக்குள்ள அங்க பிள்ளை வளர்ந்திடும். ரெண்டு அளவு பெரிசா அனுப்புங்கோ. தடிச்ச துணி அனுப்பாதையுங்கோ, யாழ்ப்பாண வெக்கைக்கு ஒருத்தரும் போட மாட்டினம். உடுப்போட, பிள்ளை நடை பழகிற சில்லு வைச்ச வோக்கரையும் வைச்சு அனுப்பிற பழக்கம் இருக்கு. பிள்ளையள் படியில உருண்டு விழுகுதெண்டு இஞ்ச 2004 ஆம் ஆண்டிலயே வோக்கரைத் தடை செய்து போட்டினம். விக்கவும் ஏலாது. அதை ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அனுப்ப வேணும்?


அடையாறு_அப்பா எழுதியது:

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, மாநகராட்சி, நகராட்சிகள்ல 2023 மே மாசம் ஆர்.ஆர்.ஆர். (ரெட்யூஸ், ரீயூஸ், ரீசைக்கிள்) மையங்கள்னு திறந்தாங்க. பழைய துணி, பொம்மை, புத்தகம், செருப்பு எல்லாம் வாங்கிக்குவாங்க. எல்லா இடத்துலயும் தொடர்ந்து நடக்குதுன்னு சொல்ல முடியாது, உங்க வார்டு அலுவலகத்துல கேட்டுட்டுப் போங்க.

ரெண்டாவது, கூஞ்ச். 1999-ல டெல்லியில அன்ஷு குப்தா தொடங்கின அமைப்பு. 2015-ல அவருக்கு மகசேசே விருது கொடுத்தாங்க. சென்னையிலயும் வேலை செய்யிறாங்க. அவங்க துணியைச் சும்மா கொடுக்கிறது இல்லை. ஒரு ஊர்ல ஜனங்க சேர்ந்து கிணறு தூர்வாருவாங்க, பாதை போடுவாங்க, அந்த உழைப்புக்குப் பரிசா துணி, பொருள் கொடுப்பாங்க. உடுத்த முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் பண்ணி மாதவிலக்குக்கான துணி நாப்கின்கூடச் செய்யிறாங்க. வேதாரண்யம் அக்கா சொன்ன மரியாதை அவங்க முறையில இருக்கு.

குழந்தைகள் இல்லங்களுக்குக் கொடுக்கணும்னா போன் பண்ணாம போகாதீங்க. பல இல்லங்கள் பழைய துணி வாங்கிறதில்லை. நான் போன ஒரு இடத்துல "சார், எங்க பிள்ளைங்களுக்கும் புதுத்துணி போட ஆசை இருக்கும்ல"ன்னாங்க. நியாயமான பேச்சு. உங்ககிட்ட விலைச் சீட்டு கிழிக்காத துணி இருக்குன்னீங்களே, அதை அங்க கொடுங்க.


தையல்மெஷின் எழுதியது:

ஞாபகத்துக்கு வச்சுக்க நினைக்கிறவங்களுக்கு: பத்துப் பதினைஞ்சு சட்டையை வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கலாம். பனியன் துணி இழுபடும், அப்படியே தைச்சா கோணிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் உள்பக்கம் ஒட்டுற கேன்வாஸை அயர்ன் பண்ணி ஒட்டிட்டு வெட்டுங்க. பின்பக்கத்துக்கு அந்தத் தொட்டில் சேலையையே போடுங்கன்னு சொல்ல வந்தேன், பாட்டி அதை வெட்டாதேன்னு அடிக்க வந்திடுவாங்க. பழைய வேட்டி போடுங்க. பட்டுப்பாவாடையை வெட்டவே வேண்டாம். அடியில மடிப்பு விட்டிருந்தா பிரிச்சு இறக்கினா இன்னும் ஒரு தீபாவளிக்கு ஆகும்.


நிலாஅம்மா எழுதியது:

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு நினைக்கல. நேத்து நானும் அத்தையும் உக்காந்து பிரிச்சு முடிச்சோம்.

தொட்டில் சேலை, முதல் சட்டை, பாட்டி தாத்தா எடுத்துக் கொடுத்த பட்டுப்பாவாடை மூணும் எங்ககிட்ட. பட்டுப்பாவாடை ரெண்டு விரக்கடை மடிப்பு இருக்கு, இறக்கப் போறோம். விலைச் சீட்டோட இருந்தது எல்லாம் ஒரு இல்லத்துக்கு, போன் பண்ணிட்டேன், வாங்கிக்கிறோம்னாங்க. நெட் ஃப்ராக் ஒரு செட்டாக் கட்டி குரூப்ல போட்டாச்சு. அந்துருண்டை வாடை இருந்த குட்டித் துணியெல்லாம் கத்தரிச்சுத் துடைக்கிற துணியாக்கிட்டோம். அத்தைக்கு நர்ஸ் அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், வீட்ல இருந்த உருண்டைப் பாக்கெட்டையே எடுத்துட்டாங்க. ஒரு வயசு அளவுத் துணி மொட்டை மாடியில காயுது, வாடை போனதும் நம்ம வார்டு பால்வாடிக்கு. 8 கிலோ, 10 கிலோன்னு பையில அத்தையே எழுதினாங்க, நூலும் அவங்களே எடுத்தாங்க.

ஒத்தப்புள்ள, நீங்க எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அடுத்த குழந்தை பத்தி நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினது அன்னைக்குத்தான்.


புதுவரவு எழுதியது:

நடுவுல கேக்கிறேன். எனக்கு எட்டாம் மாசம். அக்கா வீட்ல இருந்து கம்பளி ஸ்வெட்டரும் குல்லாவும் வந்திருக்கு, கம்பளிக்கு என்ன போட்டு வச்சிருந்தாங்கன்னு தெரியல. லேசா ஏதோ வாடை இருக்கு. துவைச்சுட்டுப் போடலாமா?


வார்டுநர்ஸ் எழுதியது:

முதல்ல அக்காவைக் கேளுங்க. அந்துருண்டைன்னு சொன்னாங்கன்னா, இல்லை அவங்களுக்கே ஞாபகம் இல்லைன்னா, பிறக்கப் போற குழந்தைக்கு அது வேண்டாம். கம்பளி வாடையைச் சுலபத்துல விடாது. சென்னைப் பக்கம்னா பச்சைக் குழந்தைக்குக் கம்பளி தேவையும் இல்லை, பருத்திக் குல்லாவும் ரெண்டு சுற்று மல்துணியும் போதும். வேர்த்துப் போகாம பாத்துக்கங்க. ஆஸ்பத்திரிப் பையில துவைச்ச பழைய வேட்டித்துணி நிறைய வையுங்க, அதுதான் அங்க கை கொடுக்கும். குழந்தைக்குக் கண்ணோ உடம்போ மஞ்சளாத் தெரிஞ்சா வெயில்ல காட்டிட்டு உக்காந்திருக்காம உடனே கொண்டு வந்து காட்டுங்க.